கண்ணீரும் கணக்கும்

கண்ணீருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நெஞ்சை நனைக்கும்போதே அது கண்ணை மறைத்துவிடும். அழுதவன் இரக்கமுள்ளவன் என்று பெயர் பெறுகிறான்; அழுத பின் என்ன செய்தான் என்று எவரும் கேட்பதில்லை. தனி மனிதனுக்குப் பொருந்தும் இந்த உண்மை நாட்டுக்கும் பொருந்தும். நாடும் அழும். நினைவு நாள் நடத்தும், மலர் வளையம் வைக்கும், தூண் எழுப்பும், படம் எடுக்கும், பரிசு வழங்கும். அத்தனையும் செய்துவிட்டு, எந்தக் கை அந்தக் கொடுமையைச் செய்ததோ அந்தக் கையை மட்டும் மெல்ல மேலாடைக்குள் மறைத்துக்கொள்ளும்.

தன் குற்றத்தைத் தானே கண்டு, தானே கூறி, தானே திருத்தும் ஆற்றல் ஒரு நாட்டுக்கு உண்டா என்று அறிய அதன் சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் மட்டும் போதாது. அதன் கதைகளைப் படிக்க வேண்டும். படக்காட்சிகளைப் பார்க்க வேண்டும். சட்டம் நாட்டின் வாக்குறுதி. கதை நாட்டின் வாக்குமூலம். அந்த வாக்குமூலத்தில் எவர் பெயர் இருக்கிறது, எவர் பெயர் விடுபட்டிருக்கிறது என்று பார்ப்பது திறனாய்வாளன் கடமை. அக்கடமையைப் போடிநாயக்கனூர் மலையடிவாரத்தில் இருந்துகொண்டு செய்ய முற்படுகிறோம். மலைத்தோட்டத்தைப் பற்றிய ஒரு நூலையும், அதைத் தழுவி வந்த ஒரு படத்தையும் எடுத்துக்கொள்கிறோம். பிறகு, அவ்விரண்டையும் நம் தலைக்கு மேல் நிற்கும் ஏலமலைக்கு எதிரே வைத்துப் பார்ப்போம்.

நூல், பால் ஹாரிஸ் டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளிவந்த 'ரெட் டீ'. தமிழில் அதை இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்ற பெயரில் தந்தார். டேனியல் தொழிலால் எழுத்தாளர் அல்லர், மருத்துவர். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் பணியாற்றியவர். அங்கு உழைத்து உருக்குலைந்த முதியவர்கள் வாய்மொழியாகக் கூறியவற்றைக் கேட்டவர். கேட்டதோடு நில்லாமல், அத்தொழிலாளர்கள் சங்கமாகத் திரளத் துணை நின்றவர். நாடித் துடிப்பைப் பார்த்த கை, நாட்டின் துடிப்பையும் பார்த்து எழுதிய நூல் அது.

கதை நடப்பது 1920களில். திருநெல்வேலிச் சீமையின் வறண்ட ஊர் ஒன்றிலிருந்து கருப்பன், வள்ளி எனும் இளம் இணையர் மலைக்குப் போகிறார்கள். மேஸ்திரி முன்பணம் தருகிறான். மலையில் வயிறார உணவு, கைநிறையக் கூலி, சில ஆண்டில் திரும்பி வந்து நிலம் வாங்கலாம் என்று ஆசை காட்டுகிறான். மலையேறிய பின்தான் தெரிகிறது, வாங்கியது முன்பணமல்ல, முன்கை விலங்கு என்பது! குளிர், அட்டைக்கடி, மலேரியா. அடி, வசவு, பெண்ணின் மானத்துக்குக் காவலின்மை. உழைக்க உழைக்கக் கடன் குறையவில்லை, உடல்தான் குறைந்தது.

இந்த நூலின் பெருமை எது? கொடுமையைக் காட்டியது மட்டும் அன்று. கொடுமையைக் காட்ட எவராலும் முடியும். கொடுமை எவர் எவர் கைமாறி வந்தது என்ற கணக்கை அது காட்டுகிறது. உச்சியில் வெள்ளைத் துரை இருக்கிறான், அதை மறைக்கவில்லை. ஆனால் துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே ஒரு படிக்கட்டே இருக்கிறது. ஆளுக்கு இவ்வளவு என்று தரகு பெறும் மேஸ்திரி நம்மவன். பேரேட்டைப் புரட்டி மிரட்டும் எழுத்தன் நம்மவன். ஊரில் அவனை மழை மட்டுமா ஏமாற்றியது? நிலமில்லாமல் வைத்த சாதி நம்முடையது. மலைக்கு அவனை இழுத்தது வெள்ளையன் என்றால், ஊரிலிருந்து அவனைத் தள்ளியது யார்? இந்தக் கேள்வியைப் படிப்பவன் நெஞ்சில் ஊன்றிவிட்டு நகர்கிறது நூல்.

இந்தப் படிக்கட்டுக்குச் சட்டத்தின் முட்டுக்கொடுப்பும் இருந்தது. 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம், முன்பணம் பெற்று வேலையை விட்டு விலகிய தொழிலாளியைக் குற்றவாளியாக்கியது. மூன்று மாதம் வரை சிறை! வாக்குத் தவறிய முதலாளிக்கு அச்சட்டத்தில் சிறை இல்லை. வயிறு காய்ந்து ஓடியவனுக்கு உண்டு. 1920களில்தான் அச்சட்டம் நீக்கப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேல், கடன் பட்டவனின் உடலுக்குச் சர்க்காரே சங்கிலி செய்து கொடுத்தது. அச்சங்கிலியின் ஒரு முனை இலண்டனில். மறு முனை நம் ஊர்ச் சத்திரத்துத் திண்ணையில், வெற்றிலை மென்றுகொண்டு ஆள் பிடித்தவன் மடியில்.

இனிப் படத்துக்கு வருவோம். 2013இல் இயக்குநர் பாலா அளித்த 'பரதேசி', இந்நூலைத் தழுவியது. அதன் சிறப்புகளைச் சொல்லாமல் குறையைச் சொல்வது நேர்மையாகாது. செழியனின் ஒளிப்பதிவு வறட்சிக்கும் பனிக்கும் உயிர் தருகிறது. நாஞ்சில் நாடனின் உரையாடலில் மண் மணக்கிறது. தப்பியோட முயன்றவன் கால் வெட்டப்படும் காட்சியில் அரங்கமே உறைந்துபோகிறது. இறுதிக் காட்சியில், தான் சிக்கிய அதே பொறியில் தன் மனைவியும் பிள்ளையும் வந்து விழுவதைக் கண்டு நாயகன் கதறும்போது அழாதவர் கல் நெஞ்சர். கங்காணியின் கொடுமையையும் படம் மறைக்கவில்லை.

ஆயினும் ஒன்றை மாற்றிவிட்டது. அந்த ஒன்று சிறியதன்று.

நூலில் ஒரு மருத்துவர் வருகிறார். ஆபிரகாம் என்பது பெயர். தொழிலாளியை மனிதனாகப் பார்க்கும் முதல் படித்தவர் அவர். நோய்க்குக் காரணம் மலைத் தெய்வத்தின் சினமல்ல, கொசு என்று அறிவைப் பேசுபவர். துரைமாரோடு முட்டி மோதுபவர். எழுதியவரின் சாயல் அவரிடம் உண்டு என்பது படிப்போர் எவருக்கும் விளங்கும். படத்தில் அந்த மருத்துவர் என்ன ஆனார்? ஆட்டமும் பாட்டுமாக ரொட்டியை வீசி, சாகக் கிடப்போரை மதம் மாற்றும் கோமாளி ஆனார்! தொழிலாளியோடு நின்ற மருத்துவர் எழுதிய நூல், மருத்துவனைத் தொழிலாளிக்குப் பகைவனாகக் காட்டும் படமாயிற்று.

தோழர்கள் நம்மைக் கேட்கலாம்: "பகுத்தறிவு பேசுவோர் ஒரு மதத்துக்கு வக்காலத்து வாங்கலாமா?" மதத்துக்கு அன்று இந்த வக்காலத்து, மெய்க்கு. பசித்தவன் முன் ரொட்டியை நீட்டி வேதத்தை விற்ற பாதிரியார் வரலாற்றில் உண்டென்றால், அவரைப் பற்றித் தனிப் படம் எடுக்கட்டும்; முதல் வரிசையில் அமர்ந்து பார்ப்போம். நம் வழக்கு வேறு. கணக்கில் ஒரு வரியை அடித்து, அந்த இடத்தில் வேறொருவன் பெயரை எழுதினால், கூட்டுத்தொகை மாறிவிடுகிறது. படம் பார்த்து வெளியே வருபவன் மனத்தில் எஞ்சுவது யாது? கொடுமை செய்தவன் கடல் கடந்து வந்த வெள்ளையன். கூட நின்றவன் அவன் மதத்துக்குப் போனவன். இடையில் ஒரு கெட்ட கங்காணி. மூவரும் அவனுக்கு அயலார். ஆகவே அவன் அழுகிறான், அழுது தூய்மை பெற்று வீடு திரும்புகிறான். வீட்டு வாசலில் குவளை தனியாக இருந்தால், அது அவன் கண்ணில் படுவதில்லை. கண்ணில்தான் இன்னும் ஈரம் இருக்கிறதே!

இதைத்தான் பழியை இடம் மாற்றும் கலை என்கிறோம். இக்கலையில் தேர்ந்தவர் பாலா ஒருவர் மட்டும் அல்லர். 1968 டிசம்பர் 25ஆம் நாள், அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டன. பெண்களும் குழந்தைகளும் வெந்து மடிந்தனர். கூலி உயர்வு கேட்டதும், செங்கொடி பிடித்ததும், தலை நிமிர்ந்ததும் அவர்கள் செய்த குற்றம். அந்நிகழ்வை அடியாகக் கொண்டு இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' 1977இல் சாகித்திய அகாதமிப் பரிசு பெற்றது. கட்டுக்கோப்பான நடையுடைய நாவல், ஐயமில்லை. ஆனால் அதில் பண்ணையாரின் வெறிக்கு வேராகக் காட்டப்படுவது எது? அவருடைய ஆண்மைக் குறை! நிலவுடைமை செய்த கொலை, சாதி செய்த கொலை, ஒரு தனி மனிதனின் உடற்குறை செய்த கொலையாகச் சுருங்குகிறது. நோயாளி ஒருவன் செய்தான் என்றால் நாடு திருந்த வேண்டிய தேவை என்ன இருக்கிறது? நோயாளிக்கு மருந்து கொடுத்தால் போதுமே!

வெண்மணியைப் பேசும்போது நாம் ஒன்றை விழுங்கிவிட்டுப் பேசக் கூடாது. அந்தத் தீ எரிந்தபோது கழகம் கோட்டையில் அமர்ந்து இரண்டாண்டுகூட நிறையவில்லை. ஏழைகளின் பெயரால் வென்ற ஆட்சியில், ஏழைகளின் குடிசை எரிந்தது. கீழ்மன்றம் பண்ணையாரைத் தண்டித்தது. பிறகு உயர்நீதிமன்றம் விடுவித்தது. தீ வைத்தவன் ஆட்சியாளன் அல்லன் என்பது சரி. ஆனால் காக்கும் பொறுப்பு எவர் தோளில் இருந்தது? காங்கிரசு ஆண்ட காலத்துக் குற்றத்தைப் பக்கம் பக்கமாகப் பட்டியலிடும் பேனா, இந்த ஒரு தேதியின் முன் மை உலர்ந்து நிற்குமானால், பாலாவைக் குறை கூறும் உரிமை நமக்கு ஏது? பிறர் கணக்கைத் தணிக்கை செய்பவன் தன் கணக்கையும் மேசைமேல் வைக்க வேண்டும்.

"செய்தவன் எவனோ, நாம் ஏன் தலை குனிய வேண்டும்?" என்பர் சிலர். அவர்களுக்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு காட்சி. 1970 டிசம்பர் 7ஆம் நாள், மேற்கு செருமனியின் தலைமை அமைச்சர் வில்லி பிராண்ட், போலந்து நாட்டு வார்சாவில், யூத மக்களின் நினைவுச் சின்னத்தின் முன் ஈரத் தரையில் மண்டியிட்டார். நாட்சிகள் செய்த கொலைகளில் அவருக்கு எள்ளளவும் பங்கில்லை. 1933இலேயே இட்லரிடமிருந்து தப்பி நார்வேக்கு ஓடியவர் அவர், வேட்டையாடப்பட்டவர். "நான் செய்யவில்லை" என்று சொல்ல அந்நாட்டில் எவருக்கேனும் உரிமை இருந்தது என்றால் அவருக்கே முதலில் இருந்தது. அவர்தான் மண்டியிட்டார். குற்றத்தில் பங்கில்லாதவர், பொறுப்பில் பங்கெடுத்தார். நாடு என்பது இந்த 'நாம்' என்ற சொல்தான். புகழ் வரும்போது 'நாம்' என்றும், பழி வரும்போது 'அவர்கள்' என்றும் பேசும் கூட்டத்துக்குக் கொடி இருக்கலாம், எல்லை இருக்கலாம், முதுகெலும்பு இருக்காது.

நம்மால் அது முடியுமா? முடியும் என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் இருக்கிறது. 1992 சூன் 20ஆம் நாள், சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்தன. வீடுகள் சூறையாடப்பட்டன, மக்கள் அடித்து இழுத்துச் செல்லப்பட்டனர், 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். குற்றம் சாட்டப்பட்டோர் 269 பேர். அத்தனை பேரும் அரசு ஊழியர். வழக்கு முடியுமுன் 54 பேர் இறந்துபோயினர். 2011 செப்டம்பர் 29இல், எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபாய் வழங்கவும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்தே பெறவும் ஆணையிட்டது. அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது.

நாடு தானாகத் திருந்தியது என்று எவரும் மார்தட்ட வேண்டாம். 31 ஆண்டுகள்! எழுத்தறியாத மலைப் பெண்கள் மன்றத்தில் நின்று, ஆளைக் காட்டி "இவன்தான்" என்றார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் பொதுவுடைமைத் தோழர்களும் வழக்கை விடாமல் சுமந்தனர். 'ஏதோ ஒரு கொடியவன்' என்று அப்பெண்கள் கதை சொல்லவில்லை; துறையின் பெயர் சொன்னார்கள், பதவியின் பெயர் சொன்னார்கள், ஆளை அடையாளம் சொன்னார்கள். ஆகவே அங்குத் திருத்தம் பிறந்தது. கலைஞர்கள் காட்டத் தயங்கிய கையை, கைநாட்டு வைப்பவர்கள் பிடித்துக் காட்டினார்கள்.

இந்த அளவுகோலை ஏந்திக்கொண்டு இப்போது நம் மலைக்கு வருவோம். ஆனைமலையின் தேயிலை பழைய கதை என்று எண்ணுவோர் விடியற்காலையில் போடி நகரின் சாலையோரம் நின்று பார்க்கட்டும். தூக்குவாளியில் சோறும், தலைக்கு ஒரு துணியுமாகப் பெண்கள் காத்திருப்பார்கள். ஜீப் வரும், ஏற்ற வேண்டிய கணக்குக்கு மேல் ஏற்றிக்கொள்ளும், போடிமெட்டு வளைவுகளில் ஏறும். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று ஏலத் தோட்டங்களில் இறக்கிவிடும். செடியின் அடியில், தரையோடு படரும் சரத்திலிருந்து காய் எடுக்க வேண்டும். ஆகவே நாளெல்லாம் குனிவும் குந்தலும். மாலையில் அதே ஜீப், அதே வளைவு. நம் வகுப்பறைகளில், பள்ளி மணி அடிக்குமுன்பே தாய் மலையேறிவிட்ட பிள்ளைகள் உண்டு. தாமே தலைவாரிக்கொண்டு வருவார்கள். ஜீப் கவிழ்ந்தது என்ற செய்தி வரும் நாளில் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். பத்திரிகை அதை விபத்து என்று எழுதும். ஆளுக்கு மேல் ஆள் ஏற்றுவது நாள்தோறும் நடக்கும் ஏற்பாடு. நாள்தோறும் நடப்பதற்கு விபத்து என்று பெயரிடுவதும் பழியை இடம் மாற்றுவதே.

இந்த மலைக்கு இது புதிதன்று. மூணாற்றுத் தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கிற்று. போடி வழியாகக் கப்பலேறப் போயிற்று. சரக்குக்குக் கம்பிவடம், ஆளுக்கு ஒற்றையடிப் பாதை. இன்று சரக்கு இன்னும் உயர்ந்த மதிப்பைப் பெற்றுவிட்டது. ஏலக்காயைச் சலித்து, மில்லிமீட்டர் கணக்கில் பருமன் பார்த்து, நிறம் பார்த்து, மின்னணு முறையில் ஏலம் விடுகிறார்கள். காய்க்கு இத்தனை அளவு! காய் எடுத்தவளுக்கு?

சட்டம் இல்லையா? 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீடு, மருத்துவம், பிள்ளைகளுக்குக் காப்பகம் என்று அது உறுதி கூறியது. பின்னர் ஏலத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. ஆனால் 5 எக்டேருக்குக் குறைவான தோட்டம் அதன் வேலிக்கு வெளியே நின்றது. ஏலமலையின் தோட்டங்களில் மிகப் பல சிறியவை. 2020இல் இயற்றப்பட்ட தொழிலிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த 1951ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தன்னுள் இழுத்துக்கொண்டது. நாள்தோறும் எல்லை தாண்டும் பெண்ணின் ஜீப்பு அதே பழைய பாதையில்தான் ஓடுகிறது. 1956இல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. அந்தக் கோட்டின் பயன் எவருக்கு? இவர்களுக்கு ஓட்டு கீழே, உழைப்பு மேலே. கீழே கேட்டால் "அது அந்த மாநிலம்". மேலே கேட்டால் "அவர்கள் அந்த மாநிலத்து ஆட்கள்". பழியை இடம் மாற்ற இங்கே கலைஞன்கூடத் தேவையில்லை. எல்லைக் கல் ஒன்றே போதும்.

இன்னும் ஒன்று, இதைப் பகுத்தறிவாளர் கருத்தூன்றிப் படிக்க வேண்டும். ஏலத் தோட்டத்தில் ஆண்டு முழுவதும் பலமுறை பூச்சிமருந்து அடிக்கிறார்கள். 2023 சனவரியில், சபரிமலை அரவணைப் பாயசத்தில் சேர்த்த ஏலக்காயில் அம்மருந்துகளின் எச்சம் வரம்பு மீறி இருக்கிறதென்று ஆய்வுக்கூடம் கூற, கேரள உயர்நீதிமன்றம் விற்பனையைத் தடுத்தது. 6 இலட்சத்துக்கு மேற்பட்ட டின்கள் முடங்கின. 2024இல் உச்சநீதிமன்றம் அவ்வாணையை நீக்கிவிட்டது. அந்த வழக்கின் நியாயத்தை நாம் இங்கு ஆராயவில்லை. உணவைச் சோதித்தது நல்லதே. நாம் கேட்பது இது: ஒரு டின் பாயசத்தில் ஒரு சிட்டிகை ஏலத்தூள்; அதிலிருக்கும் நஞ்சின் எச்சத்தை அளக்க ஆய்வுக்கூடம் கிடைத்தது, வழக்குரைஞர் கிடைத்தனர், இரண்டு பெரிய நீதிமன்றங்கள் கிடைத்தன. அந்த நஞ்சை முதுகில் சுமந்து, மூக்கில் ஏற்றி, கையில் வடியவிட்டுத் தெளித்த மனிதனின் குருதியை அளக்கக் கோரி அவ்வழக்கில் எவர் நின்றார்? கடவுளுக்குப் படைக்கும் பாயசம் தூய்மையாக இருக்க வேண்டுமென்று கவலைப்பட்ட நாடு, படைத்தவன் எவன் என்று திரும்பிப் பார்க்கவில்லை. குற்றத்தைக் காணும் கண் நம்மிடம் இல்லாமலில்லை. எங்கே திறக்க வேண்டும், எங்கே மூட வேண்டும் என்று அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

ஆகவே, தோழர்களே, இலக்கியத்திடம் நாம் கேட்பது பெரிதன்று. அழவைக்கும் ஆற்றல் உள்ளோர் அழவைக்கட்டும். ஆனால் அழுகைக்குள் கணக்கை ஒளித்துவைக்க வேண்டாம். ஏலமலைக்கு ஒரு டேனியல் இன்னும் தேவை. அவர் மருத்துவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அந்த ஜீப்பில் ஏறிப் போனவள் மகளாக இருந்தால் இன்னும் நன்று. அவள் எழுதும்போது வில்லனைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டாம். ஆள் கூட்டிப் போகிறவர் பெறுவது எவ்வளவு, தோட்டக்காரர் கொடுப்பது எவ்வளவு, எத்தனை பேரை ஏற்றிய ஜீப்பு எந்தச் சோதனைச் சாவடியை எத்தனை முறை கடந்தது, மருந்தடிப்பவனுக்குக் கையுறை கொடுத்தவர் எவர், கொடுக்காதவர் எவர் என்று எழுதட்டும். எழுதும் ஏடுகள் இருக்கட்டும். படிக்கும் மன்றங்கள் இருக்கட்டும். படித்து முடித்தவுடன் கைதட்டாமல், அடிவாரத்து இளைஞர்கள் இரு மாநிலத் தொழில்துறை அலுவலகங்களுக்கும் அக்கணக்கை எடுத்துச் செல்லட்டும்.

குற்றமே செய்யாத நாடு உலகில் இல்லை. அந்தப் பெருமைக்கு நாமும் ஏங்க வேண்டாம். செய்ததை நம் வாயால், நம் பெயரால், நம் தலைமுறைக்குள் சொல்லும் நாடு திருந்தும். அடுத்த தலைமுறை படமெடுத்து அழட்டும் என்று விட்டுவைக்கும் நாடு, அழுதுகொண்டே அதே ஜீப்பில் ஆளேற்றும்.